வாங்கும் முன் வீட்டுக்கு வரட்டும்: உயர்தர ஆடியோவை நம் அறையில் கேட்டு முடிவு செய்வது எப்படி

செங்கோட்டை, தென்காசி, புளியரை, கடையநல்லூர் பக்கம் இருக்கும் ஒருவர் இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ வாங்க நினைத்தால் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டும், இல்லையென்றால் மலையைத் தாண்டித் திருவனந்தபுரமோ கொச்சியோ போக வேண்டும். அங்கே டெமோ ரூமில் தரைக்கு விரிப்பு, சுவருக்குப் பஞ்சுப் பலகை, சீரான கரண்ட், சத்தமில்லாத ஏசி எல்லாம் இருக்கும். கடைக்காரர் தேர்ந்தெடுத்த பாட்டு, அவர் வைத்த வால்யூம். முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு ஊர் திரும்புகிறோம்.

நம் வீடு அப்படி இல்லை. மொசைக் தரையும் சிமென்ட் பூசிய சுவரும் கான்கிரீட் கூரையும்தான் இருக்கின்றன, சாரல் காலத்தில் ஜன்னல் வழியே காற்றும் வீசிக்கொண்டே இருக்கும். அதே ஸ்பீக்கர் இங்கே வேறு ஸ்பீக்கராக ஒலிக்கும். ஆகவே ஹோம் டெமோ, அதாவது வாங்கும் முன் கருவியைச் சில நாள் வீட்டில் வைத்துக் கேட்கும் வசதி, கேட்பதில் கூச்சம் வேண்டாம். இந்த விலையில் அது வாங்குகிறவரின் நியாயமான எதிர்பார்ப்பு, நல்ல கடைக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேட்டு வாங்கிய அந்தச் சில நாட்களைச் சரியாகப் பயன்படுத்துவதுதான் கடினம். அதற்கான வழிமுறை இது.

1. போன் செய்யும் முன் அறையை அளங்கள்

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். 572 என்ற எண்ணை ஒவ்வொன்றாலும் வகுங்கள். நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர், அதாவது 1,145 அடி போகிறது. அதில் பாதிதான் இந்த 572. வகுத்து வரும் எண்தான் அந்தத் திசையில் அறை முதலில் முழங்கும் அதிர்வெண். 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48, 10 அடிக்கு 57.

இது வெறும் ஏட்டுக்கணக்காக நின்றுவிடாது. பேஸ் கித்தாரின் அடிக்கம்பி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில். 14 அடி அறையில் அந்த ஸ்வரம் வரும்போது மட்டும் அறையே சேர்ந்து முழங்கும், அடுத்த ஸ்வரம் சாதாரணமாக இருக்கும். கேட்பவர் "ஸ்பீக்கரின் பேஸ் சரியில்லை" என்பார், ஆனால் அதற்குக் காரணம் அறைதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக உள்ள அறைதான் மிகவும் சிரமம் தரும், ஏனென்றால் மூன்று முழக்கமும் 57 ஹெர்ட்ஸிலேயே குவியும். அப்படிப்பட்ட அறைக்கு ஆளுயர ஸ்பீக்கரைக் கொண்டுவரவே வேண்டாம். சிறிய பெட்டியைக் கிட்டத்தில் வைத்துக் கேட்பது எவ்வளவோ மேல். பிபிசி 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை உருவாக்கியது. நெருக்கடியான இடத்தில் மனிதக் குரலை உள்ளபடி கேட்பதற்கு அந்த வகைப் பெட்டிகளை இன்றும் விரும்பி வாங்குகிறார்கள்.

செங்கோட்டையின் பழைய தெருவீடுகளைப் போல ரேழி, கூடம், முற்றம் என்று நீண்டு போகும் வீடாக இருந்தால் ஒரு வசதி உண்டு. கூடம் திறந்தே இருப்பதால் பேஸ் தேங்காமல் வெளியேறிவிடும். கதவுகள் வழக்கமாக எப்படித் திறந்திருக்குமோ அப்படியே வைத்துக் கேளுங்கள்.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியையும், அதாவது ஒரே சக்திக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவையும், பார்த்து வையுங்கள். 84 டெசிபல் ஸ்பீக்கரையும் 90 டெசிபல் ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்தில் கேட்க, முன்னதற்கு நான்கு மடங்கு வாட்ஸ் வேண்டும். கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையான ஓம் அளவும் முக்கியம். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 3 ஓம் வரைகூட இறங்கலாம். சின்ன ஆம்ப்ளிஃபயர் அங்கே திணறும். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வ் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இதைக் கடைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

அறையின் அளவு, நான்கு மூலையிலிருந்தும் எடுத்த போட்டோ, நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம், இப்போது வைத்திருக்கும் கருவிகளின் பெயர் எல்லாவற்றையும் கடைக்காரருக்கு அனுப்புங்கள். இதைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்பதிலேயே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

2. பேசியதை எழுத்தில் வாங்குங்கள்

முன்பணம் எவ்வளவு, எத்தனை நாள், போக வர வண்டிச் செலவு யாருடையது, வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு, வீட்டில் பழுதானால் என்ன செய்வது, பிடிக்கவில்லையென்றால் முன்பணம் எந்தத் தேதிக்குள் திரும்ப வரும் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் கேளுங்கள். அது முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உள்ளடங்கிய நான்கு நாளாவது வேண்டும். ஒரே மாலை மட்டும் என்றால் கடையிலேயே இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம்.

வருவது டெமோ பீஸா புதியதா என்பதையும், பிடித்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது இதே பீஸா, சீல் பிரிக்காத வேறொன்றா என்பதையும் முதலிலேயே தெளிவாக்குங்கள்.

கேரளக் கடையிலிருந்து வருவதென்றால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்ட இ-வே பில் என்ற சரக்குப் போக்குவரத்துச் சீட்டு தேவை. 'பிடித்தால் எடுத்துக்கொள்கிறேன்' என்று அனுப்பும் பொருளுக்கு ஜிஎஸ்டி சட்டம் இடம் கொடுக்கிறது. டெலிவரி சலான் என்ற அனுப்புச் சீட்டோடு அனுப்பலாம், வாங்குவது முடிவானதும் பில் போடலாம். பொருள் கிளம்பிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் அதற்கு உச்ச வரம்பு. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன, ஆனால் வழியில் வண்டியை நிறுத்தி அதிகாரிகள் காகிதம் கேட்பது போகவில்லை. "சேட்டா, சலானும் இ-வே பில்லும் போட்டுத்தானே விடுறீங்க?" என்று போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சொந்தக் காரில் ஏற்றி வந்தாலும் சலானை டேஷ்போர்டில் வையுங்கள்.

ஆரியங்காவு வழியாக வளைந்து இறங்கும் சாலையில் பெட்டி நகரக் கூடாது. கம்பெனியின் ஒரிஜினல் அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் இல்லாமல் எதையும் ஏற்ற வேண்டாம். இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் என்றால் அதன் சுழல்தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், ஊசியைத் தாங்கும் கையைப் பூட்ட வேண்டும், அந்தக் கையின் பின்பக்க எடையைக் கழற்ற வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே சீரியல் நம்பரையும் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் பத்தாயிரம் குறைவாக வாங்குவதென்று முன்பே முடிவு செய்துவிட்டு, வீட்டில் கேட்டுப் பார்ப்பதற்கு மட்டும் உள்ளூர்க் கடைக்காரரை அலைக்கழிப்பது தவறு. அவருடைய டெமோ பீஸுக்கும் நேரத்துக்கும் விலை உண்டு. நம்மைப் போல் தொலைவில் இருப்பவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டால் பிறகு திறக்காது.

3. கரண்டைச் சோதித்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள்

முதலில் கருவியின் பின்புறம் பாருங்கள். 220, 230 அல்லது 240 வோல்ட் என்று இருக்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான கருவி 100 வோல்ட், அமெரிக்காவினது 120 வோல்ட். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய உயர்தரக் கருவிகள் இந்த எல்லைப்பக்கம் நிறையக் கை மாறுகின்றன. பின்புறம் பார்க்காமல் சொருகினால் ஒரு நொடியில் போய்விடும்.

மல்டிமீட்டர் ஒன்று வேண்டும், சாதாரணமானதே போதும். கருவி வருவதற்கு முன்பே காலையில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை பிளக் பாயின்ட்டில் வோல்டேஜ் பாருங்கள். 230ஐ ஒட்டி நின்றால் நல்லது. மாலையில் 200க்குக் கீழே விழும் தெருவென்றால் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டாதீர்கள். ரிலே வகை டக் டக்கென்று மாறும்போது இசையில் கேட்கும், செர்வோ வகை பரவாயில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங்கிலோ எர்த்திலோ குறை இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது இங்கே சகஜம்.

கருவியைப் போட்டதும் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். கேபிள் டிவி வயரையோ டிஷ் வயரையோ பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வழியாக எர்த் ஆவதால் வரும் இரைச்சல்தான் அது, வயரைப் பிடுங்கியதும் நின்றுவிடும். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை ஒடிப்பது உயிருக்கே ஆபத்து. கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் கேட்க வேண்டாம். ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் கருவி முனகும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஐப்பசி கார்த்திகை இடி நேரத்தில் பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள். இன்னும் உங்களுடையதாகாத பொருள் அது.

4. ஸ்பீக்கரின் இடம்

கிடைத்த நாட்களில் அதிக நேரத்தை இதற்குக் கொடுங்கள். ஒரு லட்சம் கூடுதலாகப் போட்டு அடுத்த மாடலுக்குப் போனால் வராத முன்னேற்றம், ஸ்பீக்கரை ஓர் அடி நகர்த்தினால் வந்துவிடும்.

நீண்ட அறையென்றால் குறுகிய சுவர்ப் பக்கம் வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால், பக்கச்சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்குள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் ஓர் உயரம், ஊஞ்சலில் இன்னொன்று, தரையில் சம்மணமிட்டால் வேறொன்று. தினமும் எப்படி உட்கார்ந்து கேட்பீர்களோ அந்த உயரத்துக்கு வையுங்கள்.

உட்காரும் இடத்தை உங்கள் முதுகுப் பக்கச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், அங்கே பேஸ் குவிந்து கிடக்கும். அறையின் சரிபாதியிலும் வேண்டாம், நாம் முதலில் கணக்கிட்ட அந்த அதிர்வெண் அங்கே காணாமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பேஸ் நடை தெளிவாக உள்ள பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஸ்பீக்கரை அரையடி அரையடியாக நகர்த்திக் கேளுங்கள். ஒரு ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பது எந்த இடத்தில் அடங்குகிறதோ அங்கே தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பழைய ஸ்பீக்கரோடு ஒப்பிடும்போது இந்தக் கோடு உதவும். ஆனால் பழையதற்கும் அதற்கான நல்ல இடத்தைத் தனியாகத் தேடிக் கொடுத்த பிறகே ஒப்பிடுங்கள், இல்லையென்றால் அது நியாயமாகாது.

அடுத்தது எதிரொலி. உட்காரும் இடத்தில் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டுங்கள். 'ட்ரிங்' என்று உலோகச் சத்தம்போல நீண்டால், எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். இந்த அறையில் எந்தக் கருவியும் கூச்சலாகத்தான் இருக்கும். தரையில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தடித்த பவானி ஜமக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து விரியுங்கள். பக்கச்சுவரில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்தபடி நகர்த்தட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எந்தப் புள்ளியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். பத்தமடைப் பாய் அழகாக இருந்தாலும் ஒலியை உறிஞ்சும் தடிமன் அதற்கில்லை. மெத்தை வைத்ததும் பழைய கருவியே பிடித்துப்போனால் அதுவும் நல்ல செய்திதான். வாங்க வேண்டியது வேறு பொருளாக இருக்கலாம்.

ஃபேன் ஓடும்போதும் நின்றபோதும் கேளுங்கள். சித்திரை மாதத்தில் ஃபேன் இல்லாமல் யாரும் பாட்டு கேட்கப்போவதில்லை. மெல்லிய ஒலிகளை ஃபேன் விழுங்கிவிடும் அறையில், நுணுக்கத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதா என்று அப்போது தெரியும்.

5. ஒலியளவைச் சமமாக்காமல் ஒப்பிடாதீர்கள்

காது எளிதில் ஏமாறும். சற்றே கூடுதல் சத்தமாக இருப்பது நமக்குச் சத்தமாகத் தோன்றாது, 'தெளிவாக, நிறைவாக' இருப்பதாகத் தோன்றும். சத்தம் குறைந்தால் பேஸ் முதலில் காதிலிருந்து மறையும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆக அரை டெசிபல் ஏற்றத்தாழ்வுகூட முடிவை மாற்றிவிடும்.

ஆம்ப்ளிஃபயர்களையோ, டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் டிஏசிகளையோ ஒப்பிடுவதென்றால்: 100 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஒரே ஸ்வரமாக நிற்கும் டெஸ்ட் டோன் ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் அளங்கள். ஒரு வோல்ட் அருகே போதும். அடுத்த கருவியை மாட்டி அதே எண் வரும்வரை வால்யூமை நகர்த்துங்கள். நூற்றுக்கு ஒன்று வித்தியாசம் என்பது 0.1 டெசிபலுக்கும் குறைவு, அது போதும். மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி மாற்றும்போது பவரை அணைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர்களை ஒப்பிட மல்டிமீட்டர் உதவாது. எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸை ஓடவிட்டு, போனை ஸ்டாண்டில் காது இருக்கும் இடத்தில் வைத்து, டெசிபல் ஆப்பில் பாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் குற்றமில்லை. அதே போன், அதே இடம், அதே எண் என்பதுதான் வேண்டும்.

அடுத்து கண். 1994இல் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் அதே ஸ்பீக்கர்களை அதே ஆட்களுக்கு ஒரு முறை பார்க்கவிட்டும் ஒரு முறை திரைக்குப் பின்னால் மறைத்தும் போட்டுக் காட்டினார்கள். பார்த்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும் மறைத்தபோது கொடுத்ததும் வேறாக இருந்தன. பெட்டியின் அளவும் பெயரும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன. வீட்டில் இதைச் செய்வது எளிது. மெல்லிய மல் வேட்டி ஒன்றை ஒற்றையாகக் கயிற்றில் தொங்கவிடுங்கள், ஒலி பெரிதாகக் குறையாது. மருமகனோ மகளோ உள்ளே கருவியை மாற்றி, எந்தமுறை எது என்று தனித் தாளில் எழுதட்டும். வெளியே நீங்கள் பிடித்ததையும் பிடிக்காததையும் எழுதுங்கள். இரண்டு தாளையும் மறுநாள் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

6. எதைக் கேட்பது

கடைக்காரர் கொடுக்கும் டெமோ பாட்டுகள் எந்தக் கருவியிலும் நன்றாக இருக்கும்படி தேர்ந்தெடுத்தவை. வருடக்கணக்கில் நீங்கள் கேட்டுப் பழகியதை எடுங்கள், நல்ல பதிவு பாதி, மோசமான பதிவு பாதி. ஒரே தடத்தில் பதிவான பழைய மோனோ திரைப்பாட்டு கட்டாயம் இருக்க வேண்டும். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளியாக நின்றால் இடம் சரி. அகலமாகப் பரவினால் நான்காவது படிக்குத் திரும்புங்கள். அந்தப் பாட்டுகளைக் கேட்கவே முடியாதபடி ஆக்கும் விலையுயர்ந்த கருவி என்னைப் பொறுத்தவரை வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் பாதி நேரம் ஓடுவது அவைதான்.

மிருதங்கம் ஒன்றே பாதிச் சோதனையை முடித்துவிடும். வலந்தலையின் நடுவே உள்ள கருப்புக் கரணைதான் அந்தத் தோலை ஸ்வரமாக ஒலிக்கவைக்கிறது என்பதை சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நல்ல ஸ்பீக்கரில் 'தீம்' சுருதியோடு நின்று ஒலித்து மெல்லத் தேயும். சுமாரானதில் வெறும் தட்டல்தான். இடந்தலையின் 'தொம்' தாழ்ந்து வந்தாலும் வலந்தலையை மூடக் கூடாது. தம்புராவில், பாலத்தின் மேல் கம்பிக்கு அடியில் செருகும் நூலால் எழும் அந்த ரீங்காரம் தொடர்ச்சியாக மினுங்க வேண்டும், மணல்போல உதிரக் கூடாது. நாதஸ்வரம் ஆம்ப்ளிஃபயருக்கான பரீட்சை. வால்யூமை ஏற்றும்போது உச்ச ஸ்தாயி பிளிறலாக மாறினால் ஆம்ப்ளிஃபயருக்குச் சக்தி போதவில்லை, அல்லது சுவர் வெறுமையாக இருக்கிறது.

நம் பக்கத்துக்கென்றே ஓர் அளவுகோல் உண்டு, வில்லுப்பாட்டு. வில்லில் கட்டிய மணிகள் மீது வீசுகோல் விழும் கணீர் ட்வீட்டருக்கு, குடத்தின் முழக்கம் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபருக்கு, புலவரின் குரல் இரண்டுக்கும் நடுவே உள்ளதற்கு. கொடை விழாவில் மைக் செட்டைத் தாண்டி, மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கும் காதுக்கு அந்தக் குடம் உண்மையில் எப்படி ஒலிக்கும் என்று தெரியும். மலைக்கு அந்தப் பக்கக் கோயில்களின் செண்டையும் அப்படித்தான். கோல் விழும் கணம் கூர்மையாக இருக்க வேண்டும். எந்த விமர்சகரின் வார்த்தையையும் விட இந்த நினைவை நம்புங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். வீட்டில் உள்ள ஒருவரை மொட்டைமாடியில், காற்றில்லாத நேரத்தில் நிறுத்தி நல்ல ரெக்கார்டரில் ஐந்து நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். திறந்தவெளி என்பதால் அறை எதிரொலி அதில் இருக்காது. ஸ்பீக்கரில் போடும்போது அவரையே பக்கத்தில் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். மூக்கடைப்பு, நெஞ்சுக் கனம், 'ஸ' எழுத்தின் சீறல் எல்லாம் அப்போது அப்பட்டமாகத் தெரியும்.

7. நாட்களைச் செலவிடும் முறை

கருவி வந்த அன்று ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த மலைப்பாதையில் வந்த பெட்டியை, அதுவும் சாரல் நாளில், பிரித்தவுடன் போடக் கூடாது. சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரட்டும். முதல் மாலை புதுமையின் மகிழ்ச்சிக்கு, அனுபவியுங்கள். அடுத்த நாள் இடம், அதற்கடுத்து ஒலியளவு சமமாக்கி ஒப்பிடுதல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரையும் வயரையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

பிறகு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, வழக்கம்போல வாழ்ந்தபடி கேளுங்கள். இரவு பத்து மணிக்கு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் எப்படி இருக்கிறது? இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு காது களைக்கிறதா? கடையில் 'பளிச்' என்று கவர்ந்த ஸ்பீக்கர்தான் பல நேரம் வீட்டில் தலைவலி தருகிறது. கடைசி நாளுக்கு முந்திய நாள் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுங்கள். எதையாவது இழந்ததுபோல் இருந்தால் என்ன என்று ஒரு வரியில் எழுதுங்கள். எழுத வார்த்தை வராவிட்டால் வித்தியாசம் அந்த விலைக்கு உரியதில்லை.

"இருநூறு மணி நேரம் ஓடினால்தான் ஸ்பீக்கரின் ஒலி திறக்கும்" என்று யாராவது சொல்லலாம். வூஃபரின் கூம்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் முதல் சில மணி நேரத்தில் சிறிது தளர்வது உண்மை. அதற்கு மேல் மாறுவது பெரும்பாலும் கேட்பவரின் பழக்கம். திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டும்வரை காத்திருக்கச் சொல்லும் பேச்சை ஏற்காதீர்கள். வயர்கள், ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் ஸ்பைக்குகள், பவர் கார்டு எல்லாவற்றையும் இந்த நாட்களில் தொடவே வேண்டாம், போதிய தடிமனுள்ள செம்பு வயர் இருந்தால் சரி.

8. வாங்குவதும் திருப்புவதும்

பிடித்திருந்தால் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி: இந்திய இறக்குமதியாளரின் வாரன்டி உண்டா, பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், முப்பது கிலோ ஆம்ப்ளிஃபயரை அங்கே கொண்டுபோகும் செலவு யாருடையது. நகரத்தில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம், நமக்கு அப்படி இல்லை. டெமோ பீஸையே எடுத்துக்கொள்வதாக இருந்தால் விலைக்குறைப்பு கேளுங்கள், வாரன்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

பிடிக்கவில்லையென்றால் போன் செய்து நேராகச் சொல்லுங்கள். "என் அறையில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் அடங்கவே இல்லை, சின்ன மாடல் ஒன்று அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் அவருக்கும் அடுத்தது எது என்று தெரியும். வந்த பெட்டியிலேயே, வந்த முறையிலேயே கட்டி, மறுபடி போட்டோ எடுத்து, திரும்பும் வண்டிக்கும் சலானும் இ-வே பில்லும் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

சீல் பிரிக்காத புதிய பீஸ் வருவதென்றால், வந்த முதல் வாரத்திலேயே அதே சாக்பீஸ் கோட்டில் வைத்து, அதே பாட்டுகளை, ஆப்பில் அதே எண்ணில் ஓடவிட்டுப் பாருங்கள். பிங்க் நாய்ஸை மோனோவாக்கி ஒரு பக்கம் மட்டும், பிறகு மறுபக்கம் மட்டும் கேளுங்கள். இரண்டும் ஒரே நிறத்தில் ஒலிக்காவிட்டால், ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். குறை ஸ்பீக்கரோடு சேர்ந்து மறுபக்கம் போனால் அந்த ஸ்பீக்கரில்தான் பழுது. அன்றைக்கே கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.